மரியா சபினா கவிஞரா, வைத்தியரா?

சூரிய வெளிச்சத்தாலும் நிலா வெளிச்சத்தாலும் உன்னை நீயே குணப்படுத்திக்கொள் என்று தொடங்கும் ஒரு கவிதை, நடுவில் இரண்டு மூன்று மூலிகைப் பெயர்கள், பக்கத்தில் சுருக்கம் விழுந்த முகத்தோடு புகைபிடிக்கும் ஒரு பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம். இது பல மொழிகளில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே போட்டிருக்கும் பெயர் மரியா சபினா, மெக்சிகோ நாட்டு வைத்தியர், கவிஞர். இன்னொரு பக்கம், தீராத மனச்சோர்வுக்குக் காளானிலிருந்து மருந்து என்று அறிவியல் செய்தி வந்தால் அங்கேயும் அதே பெயர். கொடைக்கானலில் போதைக் காளான் விற்றவர்கள் கைது என்று நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே, அந்தக் காளானில் இருக்கும் ரசாயனமும் இந்தப் பாட்டியின் கதையோடு சேர்ந்ததுதான்.

அதனால் குழப்பம் வருவது இயல்பு. இவர் கவிதை எழுதினாரா? வைத்தியம் பார்த்தாரா? போதைப்பொருள் கொடுத்தாரா? அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் சில சொற்கள்

1. மசாத்தெக்: தெற்கு மெக்சிகோவில் வஹாகா மாநிலத்தின் வடக்கு மலைகளில் வாழும் பழங்குடி மக்கள், அவர்கள் பேசும் மொழி, இரண்டுக்கும் இதுதான் பெயர். ஒரே அசை, குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, வாயில் சொல்லே இல்லாமல் சீழ்க்கையிலேயே மலைக்கு மலை பேசிக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. பேச்சுக்கும் இசைக்கும் நடுவில் அங்கே பெரிய சுவர் கிடையாது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது முக்கியம்.

2. சோட்டா சினே: மசாத்தெக் மொழியில் "அறிந்தவர்" என்று பொருள். மூலிகை கொடுத்து, உடம்பைத் தேய்த்து நோய் பார்ப்பவர் வேறு, செய்வினை வைப்பவர் வேறு. இவர்கள் இரண்டு பேரிலும் சேராத மூன்றாவது ஆள்தான் அறிந்தவர். அவருடைய கருவி மொழி.

3. வெலாதா: ஸ்பானிய மொழியில் இரவு முழுக்கக் கண்விழித்திருப்பது. நோயாளி, குடும்பத்தார், அறிந்தவர் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து நடத்தும் சடங்குக்கு இந்தப் பெயர்.

4. புனிதக் குழந்தைகள்: அந்தச் சடங்கில் உண்ணும் காளான்களை மரியா சபினா இப்படித்தான் சொல்வார். காளான் என்று மொட்டையாகச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு.

5. சிலோசைபின்: அந்தக் காளான்களில் இருக்கும் வேதிப்பொருள். உடம்புக்குள் போனதும் சிலோசினாக மாறி, மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான செரட்டோனின் போய் ஒட்டும் இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. பார்வை, கால உணர்வு, தான் என்கிற எண்ணம் எல்லாம் சில மணி நேரம் குலைந்துபோகிறது. இந்தியச் சட்டப்படி இது தடைசெய்யப்பட்ட மனமயக்கப் பொருள்.

பசியில் தொடங்கிய கதை

மரியா சபினாவுக்குத் தான் பிறந்த வருடம் தெரியாது. மகதலேனா திருநாள் அன்று காலையில் பிறந்ததாக அம்மா சொன்னார் என்பது மட்டும்தான் தெரியும். ஆய்வாளர்கள் 1894 என்கிறார்கள். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வௌத்லா என்கிற ஊரில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்குப் போனார். 1,500 மீட்டருக்கும் மேலே, பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும் மலையூர். மழைக்காலத்தில் ஈரம் இறங்கி, சரிந்த மண்ணிலும் சாணத்திலும் காளான் முளைக்கும்.

ஆடு கோழிகளைப் பார்த்துக்கொள்ள மரியாவையும் தங்கை மரியா ஆனாவையும் காட்டோரம் அனுப்புவார்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனபோது ஓர் அறிந்தவர் வந்து இந்தக் காளான்களைக் கொடுத்து இரவெல்லாம் பாடியதை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். காட்டில் அதே காளானைக் கண்டதும் பசிக்குப் பிடுங்கித் தின்றுவிட்டார்கள். பிறகு பாட்டு வந்தது, அழுகை வந்தது, பசி தெரியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்தும் திட்டவில்லை. இந்தச் சம்பவத்தை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மெய்ஞ்ஞானத் தேடல் என்று இன்று இதற்குப் பூச்சு பூசுகிறார்கள். அவர் சொன்னதில் முதலில் நிற்பது பசிதான், அதை விட்டுவிட்டுக் கதை சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன்.

14 வயதில் கல்யாணம். கணவர், மேலாடையில் பூவேலை செய்யும் சிவப்பு, கறுப்பு நூலை வெளியூரில் வாங்கிவந்து விற்பவர். மெக்சிகோ புரட்சியில் போர் வீரராகவும் போய்த் திரும்பினார். நோயில் இறந்துபோனார். கையில் மூன்று பிள்ளைகள். பல வருடம் கழித்து இரண்டாவதாக வந்தவர் குடிப்பார், அடிப்பார். அவரும் கொலையுண்டு போனார். அந்த வாழ்க்கையில் பிறந்த ஆறு பிள்ளைகளில் மிஞ்சியது ஒரு பெண். கணவரோடு வாழ்ந்த காலங்களில் அவர் காளானைத் தொடவே இல்லை, ஏனென்றால் உடலுறவிலிருந்து விலகி இருப்பவர்தான் தொடலாம் என்பது விதி. வைத்தியராக அவருடைய வாழ்வு அவர் விதவையாக இருந்த வருடங்களில்தான் நடந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கிடைத்த புத்தகம்

முதல் கணவர் போனபிறகு தங்கை மரியா ஆனா கடுமையாக நோயில் விழுந்தார். வந்த வைத்தியர்களால் ஒன்றும் ஆகவில்லை. மரியா காளானைத் தங்கைக்குக் கொஞ்சம் கொடுத்து, தானும் நிறைய உண்டு, இரவெல்லாம் பாடினார். தங்கை பிழைத்தார்.

அந்த இரவில் கண்ட காட்சியை அவர் இப்படி விவரித்திருக்கிறார்: ஒரு மேசை, அதைச் சுற்றிப் பெரியவர்கள், மேலே தாள்கள். அவர்கள் முன்னால் ஒரு புத்தகம் தோன்றி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. வெள்ளை, கண் கூசும் வெள்ளை. ஒருவர் அதை அவருக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடமே போகாத அவர் அதைப் படித்தார். பிறகு புத்தகம் மறைந்துவிட்டது, படித்தது மட்டும் நின்றது. அதற்கு அவர் வைத்த பெயர் மொழியின் புத்தகம்.

இதைத் தெய்வீகம் என்று எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் அவரவர் விருப்பம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அவர் வாழ்ந்த ஊரில் தாளும் எழுத்தும் அதிகாரியிடமும் பாதிரியாரிடமும் இருந்தன. மசாத்தெக் மட்டுமே பேசும் ஒரு ஏழைப் பெண், தனக்கு வந்த சக்திக்குப் புத்தகம் என்று பெயர் வைக்கிறார். மூலிகை, தொடுகை, மந்திரக்கோல் என்று எதையும் சொல்லவில்லை. குணப்படுத்துவது மொழி, அந்த மொழியை எனக்குள் திறந்துவிடுவது காளான், இதுதான் அவர் கணக்கு. ஆகவே கவிஞரா வைத்தியரா என்று கேட்டால் மசாத்தெக் மொழியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அந்த இரவில் என்ன நடக்கும்

ஓலைக்கூரை வீடு, மண் தரை, சாமி படங்கள் வைத்த ஒரு மேசை, மெழுகுவர்த்தி, குங்கிலியம் மாதிரி மணக்கும் கோபால் பிசின் புகை. மரியா சபினா கத்தோலிக்கர். திருஇருதய சபையில் உறுப்பினராக இருந்தவர். மாதாவையும் புனிதர்களையும் கூப்பிடுவதும் காளானைக் குழந்தைகளே என்று கூப்பிடுவதும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை. காளான்களை ஜோடி ஜோடியாக எண்ணிப் புகையில் காட்டிக் கொடுப்பார். பிறகு மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

இருட்டில் முதலில் ஒரு முனகல். அது மெல்லச் சொல்லாகும். சொல் வரியாகும். வரிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும்: நான் இன்ன பெண், நான் இன்ன பெண் என்று அடுக்கிக்கொண்டே போவார். நீர், நட்சத்திரம், கழுகு, வழக்கறிஞர், கடிகாரம் என்று எதெதுவோ வந்து அந்த வரிக்குள் உட்காரும். ஒவ்வொரு வரி முடிவிலும் "த்சோ" என்று ஒரு அசை. "சொல்கிறது" என்று பொருள். அதாவது இதைச் சொல்வது நான் இல்லை, குழந்தைகள் சொல்கின்றன, நான் வாய் மட்டும்தான். ஒரு வாக்கியம் முடியும் இடத்திலெல்லாம் தன் கையெழுத்தை அழித்துவிடும் கவிஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே கைதட்டு, மார்பில் தட்டு, சீழ்க்கை. தாளம் இருட்டில் ஒரு மூலையிலிருந்து வந்து அடுத்த நொடி வேறு மூலையிலிருந்து வருவதுபோல் இருந்தது என்று உடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மகள்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள்.

1958 ஜூலை 12 இரவு நடந்த வெலாதா ஒன்று முழுக்க ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. நோயாளி 17 வயதுப் பையன். மொழியியலாளர்கள் அதை அசை அசையாக மசாத்தெக்கில் எழுதி, ஸ்பானிய, ஆங்கில மொழிபெயர்ப்போடும் இசைக் குறிப்போடும் 1974-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அன்று பாட்டின் போக்கில் வந்த தீர்ப்பு, இந்தப் பையன் பிழைக்கமாட்டான் என்பது. சில வாரத்தில் அவன் இறந்தும் போனான். எல்லா நோயும் பறந்துவிடும் என்று இன்று இவர் பெயரில் விற்கிறவர்கள் இந்த ஒரு இரவை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய தொழிலில் குணமாக்குவது மட்டும் இல்லை, நேராகச் சொல்லிவிடுவதும் இருந்தது. அதற்குக் கட்டணம் என்று எதையும் நிர்ணயித்ததில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

1955 ஜூன் 29

கார்டன் வாஸன் நியூயார்க்கில் ஜே. பி. மார்கன் வங்கியின் துணைத்தலைவர். அவரும் குழந்தை மருத்துவரான மனைவி வாலெண்டினாவும் பல வருடங்களாகக் காளான் பற்றிய நாட்டுப்புற வழக்குகளைச் சேகரித்துவந்தார்கள். மெக்சிகோவில் காளான் சடங்கு உயிரோடு இருக்கிறது என்று தெரிந்து 1953 முதல் வௌத்லாவுக்கு வந்துபோனார். 1955-இல் உள்ளூர் நிர்வாகி ஒருவரைப் பிடித்துக் கேட்க, அவர் மரியா சபினாவிடம் கூட்டிப்போனார். பதவியில் இருப்பவர் சொல்லும்போது எப்படி மறுப்பது என்று ஒத்துக்கொண்டதாக மரியா பின்னர் சொன்னார். ஜூன் 29 இரவு வாஸனும் புகைப்படக்காரர் ஆலன் ரிச்சர்ட்சனும் ஆளுக்கு ஆறு ஜோடி சாப்பிட்டார்கள், மரியா 13 ஜோடி.

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. அதுவரை புனிதக் குழந்தைகளை உண்டவர்கள் எல்லோரும் நோய்க்காக உண்டவர்கள். வாஸனுக்கு நோய் இல்லை, அவர் பார்க்க வந்தவர். வெறுமனே கடவுளைக் காண்பதற்கென்று யாரும் அதுவரை கேட்டதில்லை என்று மரியாவே சுட்டிக்காட்டியிருக்கிறார். கேள்வி இல்லாமல் பதில் கேட்பது மாதிரி அது.

1957 மே 13 தேதியிட்ட லைஃப் என்கிற அமெரிக்க இதழில் வாஸனின் கட்டுரை படங்களோடு வந்தது. மரியாவின் பெயரையும் இனத்தின் பெயரையும் மாற்றிப் போட்டிருந்தார். முகத்தை எப்படி மாற்றுவது? பாட்டின் ஒலித்தட்டும் அதே வருடம் வெளியானது. கொஞ்ச நாளிலேயே ஊர் எது, ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக

1. 1956-இல் வாஸனோடு ஒரு வேதியியலாளர் வந்தார். மனக்கட்டுப்பாட்டு மருந்து தேடிய அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணத்தில் வந்தவர் அவர். இது பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

2. பாரிஸில் காளான் ஆய்வாளர் ரோஜர் ஹைம் அந்தக் காளானை வளர்த்துக் கொடுக்க, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன் 1958-இல் சிலோசைபினைப் பிரித்தெடுத்தார்.

3. 1962-இல் ஹோஃப்மன் தானே வௌத்லாவுக்கு மாத்திரை எடுத்துவந்து மரியாவிடம் கொடுத்தார். காளானை மெல்லும்போது வாயிலேயே ஏறத் தொடங்கும், மாத்திரைக்கு அரைமணி நேரம் பிடித்தது. வேலை செய்யவில்லையே என்று முதலில் குறை. விடிந்ததும், காளானின் ஆவி இதிலும் இருக்கிறது, இனி காளான் முளைக்காத மாதங்களிலும் நோய் பார்க்கலாம் என்றார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேதியியலைப் பார்த்து அவர் பயப்படவும் இல்லை, அதன் முன்னால் குனியவும் இல்லை. தன் தொழிலுக்கு உதவுமா என்று மட்டும் பார்த்தார்.

4. அறுபதுகளின் கடைசியில் இளைஞர் கூட்டம் மலையேறியது. பகலிலும், மழைக்காலம் இல்லாதபோதும், நோயே இல்லாமலும், தெருவில் நின்றும் தின்றார்கள். 1969-இல் ராணுவம் வழியை அடைத்து வெளிநாட்டினரைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. 1976 வரை அந்தக் காவல் நீடித்தது.

5. அதற்குள் மரியாவின் வீடும் அவர் நடத்திய சின்னக் கடையும் எரிந்துபோயிருந்தன. யார் செய்தது, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. பிள்ளைகளைக் கெடுக்கும் பொருளை விற்கிறார் என்று புகார் வந்து அதிகாரிகள் பிடித்துப்போய் விசாரித்தார்கள்.

6. 1970-இல் அமெரிக்காவும் 1971-இல் ஐ.நா. ஒப்பந்தமும் சிலோசைபினைக் கடுமையான தடைப்பட்டியலில் வைத்தன. ஆய்வு பெரும்பாலும் நின்றுபோனது.

அந்நியர்கள் வந்ததிலிருந்து புனிதக் குழந்தைகள் தூய்மையை இழந்துவிட்டன, பலமும் போய்விட்டது என்று மரியா தன் கடைசிக் காலத்தில் சொன்னார். ஆனாலும் வாஸன் மேல் கோபத்தைக் கொட்டவில்லை. அல்வாரோ எஸ்ட்ராதா என்கிற மசாத்தெக்காரர் அவருடைய சொந்த மொழியிலேயே பேசிப் பதிவுசெய்த வாழ்க்கைக் கதை 1977-இல் வந்தது. அவரைப் பற்றி நமக்கு நம்பகமாகத் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்துதான். 1985 நவம்பரில் வஹாகா நகர மருத்துவமனையில், 91 வயதில், ஏழையாகவே இறந்தார்.

உலகம் எடுத்துக்கொண்டதும் விட்டுப்போனதும்

காளானிலிருந்து ரசாயனத்தை எடுத்தார்கள். மொழியை வௌத்லாவிலேயே விட்டுவிட்டார்கள். என் வாதம் இதுதான், இதற்குச் சாட்சி இன்றைய ஆய்வுக்கூடமே.

ஆய்வுகள் மறுபடி உயிர்பெற்றன. 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மற்ற மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வுக்கான சிலோசைபின் சிகிச்சைக்கு முன்னுரிமைத் தகுதி கொடுத்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநில மக்கள் 2020-இல் வாக்களித்து மேற்பார்வையோடு பயன்படுத்த அனுமதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கலாம். சரி, அந்தச் சோதனை அறையில் என்ன இருக்கிறது? ஒரு கட்டில். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. காதில் ஹெட்போன், அதில் பல மணி நேரத்துக்கு முன்கூட்டியே கோத்த இசை. பக்கத்தில் கூடவே இருக்கும் ஒருவரோ இருவரோ, அவர்களோடு முன்பும் பின்பும் பேசிக்கொள்ளும் அமர்வுகள். மாத்திரையை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. இருட்டு, குரல், தாளம், துணை: வெலாதாவில் இருந்த நாலும் அறைக்குள் திரும்பி வந்துவிட்டன. ஒரே வித்தியாசம், அங்கே பாடியவர் அந்த நோயாளியின் பெயரைச் சொல்லி, அவன் மூச்சைக் கேட்டு, அந்த நேரத்துக்கு வரி கட்டினார். இங்கே எல்லோருக்கும் ஒரே பட்டியல்.

அந்தப் பாட்டைக் கவிஞர்கள் கவனிக்காமல் விடவில்லை. ஆன் வால்ட்மன் என்கிற அமெரிக்க மேடைக் கவிஞர், நான் இன்ன பெண் என்கிற அந்த அடுக்கு முறையை எடுத்து 1970-களில் மேடைகளில் நிகழ்த்தினார், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். மேடையில் அது கவிதை. நோயாளி எதிரில் இல்லை, அவ்வளவுதான்.

பணக் கணக்கு வேறு மாதிரி. பழங்குடியினரின் அறிவையும் உயிர்வளத்தையும் பயன்படுத்தினால் லாபத்தில் பங்கு தரவேண்டும் என்கிற நகோயா ஒப்பந்தம் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. இன்றைய காப்புரிமைகளும் ஆய்வகத்தில் செய்த சிலோசைபினின் குறிப்பிட்ட படிக வடிவம் போன்றவற்றின் மேல் இருக்கின்றன. மலையில் முளைத்ததோடு சட்டப்படி அதற்கு ஒட்டு உறவு இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒட்டு உறவு இருக்கிறது என்பது 1955 தெரிந்த எல்லோருக்கும் தெரியும். இது அநியாயம் என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டுக் கொடைக்கானல் காட்டில் காளான் தேடுவது சட்டப்படி குற்றம் மட்டுமில்லை, உயிருக்கே ஆபத்து. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் காளான்களில் கல்லீரலைக் கொல்லும் வகைகளும் உண்டு. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்களை அந்தச் சோதனைகளிலேயே சேர்த்துக்கொள்வதில்லை. வௌத்லாவில் உண்டவர்கள் பக்கத்தில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் அந்த வாட்ஸ்அப் கவிதை?

சோதித்துப் பார்க்க மூன்று கேள்வி போதும்.

1. யார் பேசுகிறார்? மரியாவின் பாட்டில் "நான்" பேசும், கடைசியில் "சொல்கிறது" என்று அந்த நானும் விலகும். சுற்றிவரும் கவிதையிலோ ஒருவர் உங்களுக்கு அறிவுரை சொல்கிறார்.

2. யாரைக் குணப்படுத்துகிறது? உன்னை நீயே பார்த்துக்கொள் என்பது அந்தக் கவிதையின் சாரம். வெலாதாவில் யாரும் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்வதில்லை, குடும்பமே கண்விழித்து உட்கார்ந்திருக்கிறது.

3. எங்கே பதிவாகியிருக்கிறது? எந்த இரவு, எந்த நாடா, யார் மொழிபெயர்ப்பு என்று ஒன்றும் இல்லாமல் பெயர் மட்டும் ஒட்டியிருந்தால் பகிராதீர்கள்.

வௌத்லாவில் இன்றும் வெலாதா நடக்கிறது, வெளியூர்க்காரர்களுக்காக நடத்துவதும் உண்டு. அதைவிட அதிகம் பேசப்படாத ஒன்று, இறந்தவர்கள் திருநாளை ஒட்டி அங்கே நடக்கும் பாட்டுப் போட்டி. கலந்துகொள்ள வரும் பாட்டுகள் மசாத்தெக் மொழியில் புதிதாகக் கட்டியவையாக இருக்கவேண்டும். ஹுவான் கிரெகோரியோ ரெகினோ போன்ற மசாத்தெக் கவிஞர்கள் அறிந்தவர்களின் பாட்டு நடையை எடுத்துத் தங்கள் மொழியிலேயே எழுதி, ஸ்பானிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் புத்தகமாக்குகிறார்கள். ஒரு பக்கம் ஸ்பானியம், மறுபக்கம் மசாத்தெக்.